வெளிநாட்டு அறக்கட்டளையிடம் தரம் 10–13 பெண்பிள்ளைகளுக்கு உதவி கேட்பது: எங்கே தொடங்குவது?

#1 குளக்கட்டு

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கத்து மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஒன்றுக்காகக் கேட்கிறேன். ஊர்ப் பாடசாலை வகை 2, தரம் 11 வரைதான். உயர்தரம் (தரம் 12, 13) படிக்க 14 கிலோமீற்றர் போகவேணும். அதில் முதல் 5 கிலோமீற்றர் கிரவல் வீதி, பிறகுதான் பஸ் ஓடுற தார் வீதி. தரம் 10இலேயே பெண்பிள்ளைகள் மறிபடத் தொடங்கினம். உலகம் முழுக்கப் பெண்பிள்ளைகளின் படிப்புக்குக் காசு கொடுக்கிற தனியார் அறக்கட்டளைகள் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கு, எழுதிப் போடுங்கோ என்று புலம்பெயர்ந்த ஊரவர் சொல்லினம். சங்கத்திட்டப் பதிவுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, கூட்டக் குறிப்புப் புத்தகம் இருக்கு. 22 பிள்ளைகள். யாரிட்டக் கேட்கிறது, என்னத்தைக் கேட்கிறது?

#2 பாலைப்பழம்

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கோ. அமெரிக்கத் தனியார் அறக்கட்டளை என்பது பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் அல்லது ஒரு கம்பனியின் முதலீட்டுப் பணம். அந்தச் சொத்தின் பெறுமதியில் ஏறத்தாழ 5 சதவீதத்தை வருடாவருடம் நற்பணிக்குச் செலவழிக்கவேணும் என்பது அங்கத்தைய வரிச்சட்டம். ஆகவே அவர்கள் கொடுத்தே ஆகவேணும், நீங்கள் இரந்து எழுதத் தேவையில்லை. ஆனால் கொடுத்த ஒவ்வொரு சதத்துக்கும் வரித் திணைக்களத்துக்கு அவர்கள் பதில் சொல்லவேணும். அந்தப் பதிலை அவர்களுக்கு இலகுவாக்கிற சங்கத்துக்குத்தான் காசு வரும்.

வெளிநாட்டுச் சங்கத்துக்குக் கொடுக்க அவர்களுக்கு வழக்கமாக இரண்டு வழி.

ஒன்று, உங்கள் சங்கம் அமெரிக்கப் பொது அறநிறுவனத்துக்குச் சமமானது என்று வரி நிபுணர் ஒருவர் ஆவணங்களைப் பார்த்து எழுத்தில் சொல்லுறது. இதற்கு யாப்பு, பல வருட வரவு செலவு, காசு எங்கெங்கே இருந்து வந்தது என்ற விபரம் எல்லாம் ஆங்கிலத்தில் வேணும். 2013 முதல் என்ஜிஓசோர்ஸ் என்ற சேவை இதைச் செய்யுது, ஆனால் கட்டணம் கூட. 22 பிள்ளைக்கான திட்டத்துக்கு ஒருவரும் இந்த வழியில் வரமாட்டினம்.

மற்றது செலவுப் பொறுப்பு முறை. காசு தர முன்னம் அறக்கட்டளை உங்களை விசாரிக்கும்: நிர்வாகத்தில் ஆர், முன்னம் என்ன செய்தனீங்கள், கணக்கு எப்படி. பிறகு எழுத்து ஒப்பந்தம். அந்தக் காசு தனி நிதியாக நிற்கவேணும், சங்கத்தின் மற்றக் காசோடு கலக்கக்கூடாது. செலவு முடியும்வரை வருடாந்த அறிக்கை. தேர்தல் வேலைக்கும் சட்டமாற்றப் பரப்புரைக்கும் ஒரு சதமும் போகக்கூடாது. உங்களுக்கு ஏற்றது இதுதான்.

#3 பாலைப்பழம்

ஆரிட்டக் கேட்கிறது என்பதற்கு: ஒவ்வொரு அமெரிக்கத் தனியார் அறக்கட்டளையும் வருடாவருடம் 990-பிஎவ் என்ற படிவம் நிரப்பவேணும். அது பகிரங்க ஆவணம். புரோப்பப்ளிக்கா இணையத்தளத்தில் இலவசமாகத் தேடலாம். ஆருக்கு, எந்த ஊருக்கு, எவ்வளவு, என்ன தேவைக்கு என்று அதில் பட்டியல் இருக்கும். சிறிலங்கா என்றும், பெண்பிள்ளைகள் கல்வி என்றும் ஆங்கிலத்தில் அடித்துத் தேடுங்கோ. பார்க்கவேண்டியது மூன்று. முன்னம் தெற்காசியாவுக்குக் கொடுத்திருக்கினமா? அவர்களின் சிறிய கொடை எவ்வளவு? முன்கூட்டியே தெரிவுசெய்த அமைப்புகளுக்கு மட்டும் கொடுக்கிறோம், கேட்டு வாறதை ஏற்கமாட்டோம் என்ற பெட்டியில் புள்ளடி போட்டிருக்கா? புள்ளடி இருந்தால் கடிதம் எழுதி நேரத்தை வீணாக்காதேங்கோ. அவர்கள் ஏற்கெனவே காசு கொடுக்கிற இலங்கை அமைப்பைப் பிடித்து, அதற்குக் கீழே ஒரு பங்காளியாக நில்லுங்கோ.

கனடா என்றால் அங்கத்தைய அறநிறுவனங்கள் வருடாவருடம் நிரப்புற ரி3010 படிவம், அதுவும் பகிரங்கம். முன்னம் கனடிய அறக்கட்டளைகள் கனடிய வரிச்சட்டம் கொடைபெறத் தகுதியானது என்று ஏற்றுக்கொள்ளாத வெளிநாட்டுச் சங்கத்துக்கு நேரடியாகக் கொடை கொடுக்கமுடியாது, திட்டத்தைத் தாங்களே நடத்துற மாதிரி வைத்திருக்கவேணும். 2022இல் சட்டம் மாறி, பொறுப்புக்கூறல் நிபந்தனைகளோடு கொடுக்கலாம் என்று வந்தது. இதை அறியாத ஊர்ச்சங்கங்கள் கனடாவில் இன்னும் இருக்கு, சொல்லிவையுங்கோ. இங்கிலாந்து என்றால் அறநிறுவன ஆணைக்குழுவின் பதிவேட்டில் வருடாந்த அறிக்கையும் கணக்கும் கிடக்கும்.

பெயர் பெற்ற இடங்களுக்கு எழுதத்தான் எல்லாரும் ஓடுவினம். மலாலா நிதியம் 2013இல் தொடங்கினது. அது தெரிவுசெய்த சில நாடுகளிலேயே உள்ளூர்ச் செயற்பாட்டாளர்களுக்குக் கொடுக்குது, இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. ரூம் ரு ரீட் என்ற கல்வி அமைப்பு 2005 முதல் இலங்கையில் வேலை செய்யுது, ஆனால் தன் திட்டத்தைத் தானே நடத்துற அமைப்பு அது. கம்ஃபெட் என்ற பெண்பிள்ளைகள் கல்வி அமைப்பு 1993இல் சிம்பாப்வேயில் தொடங்கி ஆபிரிக்காவில் நிற்குது. படித்து முடித்த பெண்களே திரும்பிவந்து பாடசாலையில் வழிகாட்டியாக நிற்கிற அவர்களின் முறையை மட்டும் எடுங்கோ. உங்கள் ஊரிலும் உயர்தரம் முடித்துப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கிற பிள்ளைகள் இருப்பினம்.

#4 ஏ9_ஓரம்

முன்மொழிவின் முதல் பக்கத்தைப் பற்றி. இணையத்தில் கிடக்கிற ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் முன்மொழிவுகளைப் பார்த்து, 'எங்கள் சமூகம் பெண்பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புவதில்லை' என்று எழுதிவிடாதீர்கள். அது பொய். இலங்கையில் 1945 முதல் இலவசக் கல்வி. இடைநிலை வகுப்புகளில் பெண்பிள்ளைகள் ஆண்பிள்ளைகளுக்குக் குறையாமல் இருக்கிறார்கள், பெறுபேற்றிலும் முன்னுக்கு நிற்கிறார்கள். இலங்கையைத் தெரிந்த ஒரு பரிசீலகர் அந்த ஒரு வரியோடு கடிதத்தை மூடிவிடுவார்.

உண்மையை அப்படியே எழுதுங்கள், அதற்கே போதிய கனம் இருக்கிறது. பாடசாலை வகை 2 என்றால் தரம் 11. வகை 1சி என்றால் உயர்தரத்தில் கலை, வர்த்தகம். விஞ்ஞானமும் கணிதமும் 1ஏபி பாடசாலையில் மட்டும். வன்னியின் உள்கிராமத்துப் பிள்ளைக்கு 1ஏபி என்பது கிளிநொச்சி நகரமாகவோ முல்லைத்தீவாகவோ வவுனியாவாகவோ இருக்கும். முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா நான்கும் பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் உள்ளவை. அதற்கென ஒதுக்கிய 5 சதவீத இடத்தில் எங்கள் பிள்ளைகளுக்கும் பங்குண்டு. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது, வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. வாசல் பக்கத்தில் இருக்கிறது. வாசலுக்குப் போகிற பாதைதான் தரம் 10க்கும் 12க்கும் இடையில் அறுகிறது. முதல் பந்தியில் இதைச் சொல்லுங்கள்.

பிள்ளை ஏன் நிற்கிறாள் என்பதையும் 22 பேருக்கும் தனித்தனியாகக் கேட்டு எழுதவேண்டும். தூரமா, கணிதத்தில் விழுந்ததா, தாய் தனியாகக் குடும்பம் பார்ப்பதால் தங்கச்சியைப் பார்க்க ஆளில்லையா, நுண்கடன் தவணையா, கலியாணப் பேச்சா. பொதுச் சட்டப்படி கலியாண வயது 1995 முதல் 18. ஆனால் பதிவில்லாமல் சேர்ந்து வாழத் தொடங்கினால் சட்டத்துக்குத் தெரியவராது, பாடசாலை வரவுப் பதிவேட்டுக்குத்தான் முதலில் தெரியும். ஒவ்வொரு காரணத்துக்கும் மருந்து வேறு. 22 பேருக்கும் சைக்கிள் என்று எழுதுவது ஒருவரையும் கேளாமல் எழுதுவது.

#5 வீரைமரம்

ஏ9_ஓரம் சொன்னதில் ஒரு சேர்க்கை: சைக்கிளைக் குறைத்து மதிப்பிடவேண்டாம். இந்தியாவில் பீகார் அரசு 2006இல் தரம் 9 பெண்பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. அதை ஆராய்ந்த கட்டுரை 2017இல் வெளிவந்தது. உரிய வயதில் இடைநிலைப் பாடசாலையில் சேர்ந்த பெண்பிள்ளைகளின் தொகை 32 சதவீதம் கூடியது என்றும், பாடசாலை 3 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள ஊர்களில்தான் பலன் கூட என்றும் கண்டார்கள். தூரம்தான் தடை என்றால் சைக்கிள்தான் மருந்து. இதை மேற்கோள் காட்டலாம், அறக்கட்டளைக்காரருக்குத் தெரிந்த ஆய்வு.

#6 கடைசிபஸ்

14 கிலோமீற்றர் சைக்கிளில் போ என்று சொல்லக்கூடாது. கிரவலில் ஒரு பக்கத்துக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வரும். மாரியில் அதுவும் இல்லை. பின்னேரம் திரும்பிவர இருட்டிவிடும், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் அந்த நேரம் யானை வீதிக்கு ஏறும். 5 கிலோமீற்றர் சைக்கிள், தார் வீதியில் இருந்து பஸ். இதுதான் ஓடும்.

இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ் என்றால் மாணவர் பருவச்சீட்டு மிகவும் மலிவு, அதற்கு அறக்கட்டளைக் காசே பெரிதாகத் தேவையில்லை. தனியார் பஸ்ஸில் அது செல்லாது. ஆகவே காலை 6.30க்கும் பின்னேரம் 2க்கும் அந்தத் தரிப்பில் எது வருது என்று இரண்டு கிழமை குறித்துப் பார்த்துவிட்டு வரவு செலவைப் போடுங்கோ. சைக்கிளை எங்கே விடுறது என்பதை எல்லாரும் மறப்பினம். தரிப்புக்குப் பக்கத்துக் கடை அல்லது வீட்டுப் பத்தியில் விட்டால் மாதம் ஒரு தொகை கொடுக்கவேணும், பூட்டும் வேணும்.

சைக்கிள்: 26 அங்குலம், லேடீஸ் பிறேம். செயின் கவர் முழுமையாக மூடினதாக இருக்கவேணும், இல்லாவிட்டால் வெள்ளைச் சீருடை கிறீஸ் பட்டு ஒரு கிழமையில் பாழ், துணி சிக்கினால் விழுத்தியும் போடும். பின்சில்லுக்குக் கம்பிவலை. கரியர், மட்காட், மணி, முன்லைற், பின்னுக்குச் சிவப்பு றிஃப்ளெக்ரர். கியர் சைக்கிள் வேண்டாம், உள்ளூர்க் கடையில் திருத்த ஆளில்லை.

திருத்தச் செலவு எழுதாத சைக்கிள் திட்டம் எட்டாம் மாதம் கூரைக்குக் கீழே நிற்கும். கிரவலிலும் முள்ளிலும் ஓடுற ஒரு சைக்கிளுக்கு வருடத்துக்கு ரியூப் 2, பின் ரயர் 1, பிறேக் கட்டை 2 சோடி, செயின் எண்ணெய், மாரி முடியச் சில்லுகளைக் கழற்றிப் பழைய கிறீஸ் துடைத்துப் போல்ஸ் (உள்ளுக்குள் உருளுற இரும்புக் குண்டுகள்) மாற்றிப் பூட்டுறது, இவ்வளவும் போடுங்கோ. 5 பிள்ளைக்கு ஒரு பம்பும் ஒரு ஒட்டுப் பெட்டியும். புதுச் சைக்கிளில் முதல் மாதம் கொட்டர் பின் (பெடல் தண்டை அச்சோடு இறுக்கிற ஆணி) தளரும். அதை உடனே இறுக்காவிட்டால் பெடல் தண்டு தேய்ந்துபோய்ப் புதிதாக வாங்கவேண்டி வரும். ஊர் திருத்துநரோடு எழுத்தில் ஒரு உடன்பாடு வைத்து மாதாமாதம் சங்கமே காசு கொடுக்கலாம்.

கடைசியாக, சைக்கிள் இரண்டு வருடம் சங்கத்தின் பெயரில். பிள்ளை படிப்பைத் தொடர்ந்தால் அவளுக்கே சொந்தம். பட்டறையில் பிறேமில் இலக்கம் அடியுங்கோ. இல்லாவிட்டால் அண்ணன் வேலைக்குக் கொண்டுபோவார், பிள்ளை நடப்பாள்.

#7 குளக்கட்டு

இரண்டு கிழமை குறித்துப் பார்க்கிறம். மாதம் மாதம் பிள்ளைக்குக் காசாகக் கொடுக்கிற புலமைப்பரிசில் எப்படி? ஊரில் எல்லாரும் அதைத்தான் கேட்கினம். கனடாவில் இருக்கிற ஊரவர் ஒருவர், தானே பிள்ளைகளின் படம் பார்த்து ஆட்களைத் தெரிவுசெய்வார் என்கிறார்.

#8 பாலைப்பழம்

படம் பார்த்துத் தெரிவு வேண்டாம். அது பிள்ளைக்கும் நல்லதல்ல, சட்டத்துக்கும் சரிவராது. அமெரிக்கத் தனியார் அறக்கட்டளை தனியாளுக்குப் படிப்புக் காசு கொடுப்பதானால் தெரிவுமுறைக்கு வரித் திணைக்களத்தின் முன் அனுமதி வேணும். சங்கத்துக்குக் கொடை கொடுத்து, ஆருக்கு என்று சங்கமே சுயமாகத் தெரிவுசெய்தால் அந்தச் சிக்கல் இல்லை. ஆகவே தெரிவுக் குழு ஒன்று: சங்கத்தில் இருவர், பாடசாலையில் ஒருவர், கிராம அலுவலர் அல்லது சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர். அளவுகோலைப் புள்ளியாக எழுதுங்கோ: தூரம், வீட்டில் உழைப்பவர் எத்தனை பேர், தரம் 9இல் பாடசாலை வரவு. சங்க நிர்வாகியின் மகள் விண்ணப்பித்தால் அந்த நிர்வாகி அன்றைய கூட்டத்தில் இருக்கக்கூடாது, அதைக் கூட்டக் குறிப்பில் எழுதவேணும். அறக்கட்டளை முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

#9 வீரைமரம்

காசு கொடுப்பதில் நிபந்தனை என்ன என்பது முக்கியம். வங்காளதேசம் 1994இல் நாடளாவிய பெண்பிள்ளைகள் உதவித்தொகையைத் தொடங்கியபோது மூன்று நிபந்தனை வைத்தது: 75 சதவீத வரவு, 45 சதவீதப் புள்ளி, கலியாணம் கட்டாதிருத்தல். வன்னிக்கு வரவு நிபந்தனை மட்டும் போதும் என்பது என் எண்ணம். புள்ளி நிபந்தனை வைத்தால் உதவி கூடத் தேவைப்படுகிற பிள்ளைதான் முதலில் வெளியே போவாள். உயர்தரப் பரீட்சைக்குப் பாடசாலைப் பரீட்சார்த்தியாகத் தோற்ற 80 சதவீத வரவு வேண்டும் என்று ஏற்கெனவே விதி இருக்கிறது, அதையே அளவாக எடுக்கலாம். பாடசாலையின் பதிவேடே சாட்சி, புதிதாக ஒரு பதிவேடு திறக்கத் தேவையில்லை.

#10 கணக்கில்_35

தரம் 11 பற்றி ஒருவரும் சொல்லவில்லை. உயர்தரத்துக்குப் போக, தரம் 11 முடிவில் வாற சாதாரண தரப் பரீட்சையில் முதல்மொழி, கணிதம் உட்பட 6 பாடச் சித்தியும் அதில் 3 திறமைச் சித்தியும் (சி அல்லது அதற்கு மேல்) என்பது வழமை. உள்கிராமத்தில் பிள்ளைகளை மறிப்பது பெரும்பாலும் கணிதம். சைக்கிள் கொடுத்து என்ன, போக வகுப்பில்லை என்றால்?

சாதாரண தரக் கணிதத்தில் முதல் வினாத்தாளின் ஏ பகுதி 25 சிறுவினா, ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. இரண்டு வினாத்தாளும் சேர்ந்து 200, அதில் இந்தப் பகுதி மட்டும் 50. சித்திக்கு 35 சதவீதம், அதாவது 200க்கு 70. அந்த 25இல் 20 சரி என்றால் 40 கையில். மீதி 30ஐ பி பகுதியிலும் இரண்டாம் வினாத்தாளிலும் எடுக்கவேணும். புள்ளிவிபரவியல், தொடைகள், வரைபு, வட்டி, வரி போன்ற கணக்குகள் அதற்குப் போதும். கேத்திரகணித நிறுவலில் மாதக்கணக்காய் மினக்கெடத் தேவையில்லை. தவணைப் பரீட்சையில் 20க்கும் 34க்கும் இடையில் நிற்கிற பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து, கிழமைக்கு இரண்டு வகுப்பு, ஒவ்வொன்றும் 90 நிமிடம், ஒரு வகுப்பில் 10 பேருக்கு மேல் இல்லை. 20க்குக் கீழே நிற்கிறவர்களுக்குத் தரம் 6, 7இன் பின்னமும் சதவீதமும் முதலில் வேணும், அவர்களை மற்றவர்களோடு இருத்தினால் இரண்டு பகுதியும் கெடும். படிப்பிக்க உயர்தரம் முடித்த பிள்ளைகள் போதும், பாலைப்பழம் சொன்ன வழிகாட்டிகள் இவர்கள்தான். வகுப்புக்கு இவ்வளவு என்று கொடுங்கோ, இலவசமாகக் கேட்டால் மூன்றாம் மாதம் நின்றுபோகும். 4.30க்கு முடியுங்கோ.

இதையும் மீறிச் சித்தியடையாத பிள்ளைக்கு 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வியின் தொழிற்றுறைப் பிரிவு தெரிந்த பாடசாலைகளில் இருக்கு. வலயக் கல்விப் பணிமனையில் பக்கத்தில் எது என்று கேளுங்கோ.

#11 கணக்குப்பிள்ளை

காசு வரமுன்னம் செய்யவேண்டியது. மாதர் சங்கம் மாகாணக் கிராம அபிவிருத்தித் திணைக்களப் பதிவு. வெளிநாட்டுக் காசு என்றவுடன் 1980ஆம் ஆண்டு 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூகசேவை அமைப்புகள் சட்டத்தின்கீழ்ப் பதிவு இருக்கா என்று கேட்பார்கள். இல்லாவிட்டால் பதிவுள்ள ஒரு மாவட்ட அமைப்பின் ஊடாக எடுங்கள், அவர்களுக்குரிய நிர்வாகச் செலவை வெளிப்படையாக வரவு செலவில் எழுதுங்கள். பிரதேச செயலாளருக்கு எழுத்தில் அறிவியுங்கள். பாடசாலைக்குள் எதைச் செய்வதானாலும் அதிபரின் வாய்ச்சொல் போதாது, வலயக் கல்விப் பணிப்பாளரின் கடிதம் வேண்டும்.

கொடைக்கென்று புதுக் கணக்கு, மூன்று கையொப்பத்தில் இருவர் இடவேண்டும். சான்றிதழில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலும் கணக்கில் உள்ளதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும். எங்கள் ஊர்ப்பெயர்களில் ஒரே ஒலிக்கு ஒருவர் ஆங்கில D எழுத்துப் போடுவார், இன்னொருவர் T போடுவார். ஒரு எழுத்துப் பிசகினாலே பணம் இடைவங்கியில் நின்று, கட்டணமும் கழிந்து திரும்பிப் போய்விடும்.

வரவு செலவை ரூபாயில் கட்டுங்கள், பக்கத்தில் டொலரும் எந்தத் தேதி மாற்றுவீதம் என்பதும். 2022 தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தாண்டியது. ரூபாய் கூட வந்தது என்று மகிழ்ந்தவர்கள் அடுத்த மாதமே ரயர் விலையைப் பார்த்தார்கள். ஆகவே ஒப்பந்தத்திலேயே ஒரு வரி: மாற்றுவீத வித்தியாசத்தால் கூடும் பணம் அதே திட்டத்துக்குள் செலவாகும், ஒரு தலைப்பில் இருந்து மற்றதுக்கு 10 சதவீதம்வரை மாற்றலாம், அதற்கு மேல் என்றால் முன் அனுமதி. திருத்துநர் பற்றுச்சீட்டுத் தரமாட்டார். அவருக்கு நீங்களே பற்றுச்சீட்டுப் புத்தகம் அச்சிட்டுக் கொடுங்கள்: சைக்கிள் இலக்கம், வேலை, தொகை, பிள்ளையின் கையொப்பம்.

#12 முதிரை

பெண்பிள்ளைகளுக்கான திட்டத்தில் மலசலகூடம் இல்லாமல் எப்படி? தண்ணீர் முதலில், கட்டடம் பிறகு. கோடையில் கிணறு வற்றுகிற பாடசாலையில் புதுக் கூடம் ஆவணியிலேயே பூட்டப்படும். உள்ளே தாழ்ப்பாள், பாவித்த சுகாதாரத் துவாய் போட மூடியுள்ள வாளி, அதில் சேருறதை எரிக்கச் சிறு சூளை, சவர்க்காரம். வாளியை ஆர் வெளியேற்றுவது, அவருக்கு ஆர் காசு கொடுப்பது என்பதை இப்போதே எழுதுங்கோ. கூடம் பாவிக்கேலாமல் போறது பெரும்பாலும் அந்த வாளியால்தான்.

#13 ஏ9_ஓரம்

சிறுவர் பாதுகாப்புக் கொள்கை இல்லாத முன்மொழிவை இப்போது ஒருவரும் எடுப்பதில்லை. நீளமாக வேண்டாம், இரண்டு பக்கம், தமிழில், பெற்றார் வாசிக்கக்கூடியதாக. மாலை வகுப்பில் வளர்ந்தவர் ஒருவர் பிள்ளையோடு தனியே இருக்கக்கூடாது. முறைப்பாட்டைச் சங்கத்தில் ஆரிடம் சொல்வது, அவரைப் பற்றியே முறைப்பாடு என்றால் ஆரிடம் சொல்வது, 1929 என்ற சிறுவர் உதவி இலக்கம் எங்கே ஒட்டியிருக்கிறது. அறிக்கையில் பிள்ளையின் பெயர் வேண்டாம், குறியீட்டு இலக்கம் போதும். படத்தில் முகம், பாடசாலைச் சின்னம், வீடு மூன்றும் ஒன்றாக வரக்கூடாது. தகப்பன் காணாமற்போனார், தாய் இப்படி என்று பிள்ளையின் துயரை எழுதிக் காசு கேட்காதீர்கள். அந்த அறிக்கையை அவள் பத்து வருடத்தில் தன் பெயரைத் தேடும்போது தானே வாசிப்பாள்.

#14 குளக்கட்டு

இரண்டு கிழமையும் குறித்தாச்சு. காலை 6.40 போக்குவரத்துச் சபை பஸ் 10 நாளில் 8 நாள் வந்தது, பின்னேரம் 2.15 தனியார் பஸ். 22 பேரையும் வீட்டில் போய்க் கேட்டம். தூரம் என்று 9 பேர், கணிதம் 8, வீட்டில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை 3, காசு 2. ஆகவே சைக்கிள் 9, கணித வகுப்பு ஒன்று, மற்ற 5 பேருக்கு என்ன கேட்கிறது என்று தெரியவில்லை.

#15 கடைசிபஸ்

2.15 தனியார் பஸ் என்றால் பருவச்சீட்டு காலைக்குத்தான். பின்னேரக் கட்டணத்தை 9 பேருக்கும் பாடசாலை நாட் கணக்கில் போடுங்கோ. பஸ் வராத அந்த 2 நாள் எந்தக் கிழமை நாட்கள்? ஒரே நாள் என்றால் டிப்போவுக்குச் சங்கக் கடிதத்தாளில் எழுதுங்கோ, அதிபரின் கடிதத்தையும் சேர்த்து.

#16 முதிரை

சின்னப் பிள்ளைகளைப் பார்க்க வீட்டில் நிற்கிற மூன்று பேர் விசயம்: ஊர் முன்பள்ளி எத்தனை மணிக்கு மூடுது? 11.30 என்றால் 2.30 வரை நீட்ட ஒரு உதவியாளர் கொடுப்பனவும் மதியச் சாப்பாடும்தான் செலவு. அந்த மூன்று அக்காமாரும் பாடசாலை போகலாம். காசுத் தேவையுள்ள இருவருக்கு உதவித்தொகை. கேட்கிற தொகை சின்னதாகத்தான் வரும், அதற்காகக் கூட்டி எழுதவேண்டாம்.

#17 குளக்கட்டு

முன்பள்ளி 11.30க்குத்தான் மூடுது. வராத இரண்டு நாளும் வெள்ளி. டிப்போக் கடிதம் நாளைக்குப் போகுது.